பக்கம் திருப்பும் சத்தம்

பிப்ரவரி 4, 2025, செவ்வாய்

கல்லூரி வாசலில் இன்றும் என் முகம் செல்லவில்லை.

போன மாதம் வைத்த கருவி அது. கம்பத்தில் ஒரு சிறிய கண்ணாடிச் சதுரம். முன்னால் நின்றால் முகத்தைப் பார்த்து உள்ளே விடும். ஆயிரத்து எண்ணூறு பிள்ளைகளை விடுகிறது. என்னைப் பார்த்தால் மட்டும் சிவப்பு விளக்கு. வாட்ச்மேன் சின்னண்ணன் ஓடி வந்தார். "கண்ணாடியக் கழட்டிப்போட்டு லேசாச் சிரிங்க மேடம். அதுக்குச் சிரிச்சாத்தான் புடிக்குது."

என் கணவர் பிரான்சிஸ் முப்பத்தெட்டு வருடம் ரயில்வேயில் இருந்தார், கடைசிப் பன்னிரண்டு வருடம் சேலம் ஜங்ஷனில். ஸ்டேஷன் மாஸ்டரின் மனைவி என்று சொல்லி ஒரு நாள்கூட நான் பிளாட்பாரம் டிக்கெட் இல்லாமல் உள்ளே போனதில்லை. எழுபத்தொரு வயதில் ஒரு கம்பத்தைப் பார்த்துச் சிரிப்பதா? சிரிக்கவில்லை. சின்னண்ணன் பக்கத்துச் சின்னக் கதவைத் திறந்துவிட்டார்.

வாசிப்பறையில் தனப்பிரியா காத்திருந்தாள். பி.ஏ. பொருளாதாரம், கடைசி வருடம். மோகனூரில் கரும்பு போடும் குழந்தைவேலின் மகள். இங்கே விடுதியில் இருக்கிறாள். பிறவியிலேயே பார்வை இல்லை. அவளுக்குச் செவ்வாயும் வெள்ளியும் பாடம் வாசித்துக் காட்டுவது என் வேலை. சம்பளமில்லாத வேலை, அதனால் விடுப்பும் இல்லாத வேலை.

இப்போது போனே வாசித்துவிடும் என்கிறார்கள். வாசிக்கட்டும். ஆசிரியர் அனுப்பிய பாடத்தை அவள் தட்டினாள். யாரோ ஓர் ஆண்குரல், "படம். படம். படம்" என்றது. நாற்பத்து மூன்று பக்கங்களையும் புகைப்படம் எடுத்து அனுப்பியிருக்கிறார்கள்.

"பாத்தீங்களா மேடம், எனக்குக் கல்யாண ஆல்பம் வந்திருக்குதுங்க" என்றாள்.

நாற்பத்து மூன்றையும் வாசித்தேன். வீட்டுக்கு வந்து தொண்டைக்கு மிளகுக் கஷாயம்.

பிப்ரவரி 14, வெள்ளி

இன்று தனப்பிரியா வகுப்பிலேயே பக்கத்தில் வந்து உட்காரச் சொன்னாள். கரும்பலகை போய்விட்டது. சுவர் முழுக்க ஒரு பெரிய டி.வி., அதில் விரலால் எழுதுகிறார்கள். உதவிப் பேராசிரியர் நவீன்குமார் பாடம் எடுத்தார். முப்பது வயதிருக்கும், நல்ல சுறுசுறுப்பு. விரலால் கோடு இழுத்துக்கொண்டே சொன்னார்: "இது இப்படி வருது. இது இப்படி வருது. இங்க வெட்டுது. புரியுதா?"

அறுபது தலைகள் ஆடின. தனப்பிரியா என் காதில், "எது எப்படி வருதுங்க?" என்றாள்.

கையைத் தூக்கினேன். "மன்னிக்க வேண்டும். 'இது' என்றால் எது? எங்கிருந்து எங்கே வருகிறது?"

பின்வரிசையில் ஒரு சிரிப்பு. அவர் காது சிவந்தது. "டிமாண்ட் கர்வ் மேடம். மேல இடது பக்கத்துல ஆரம்பிச்சு, கீழ வலது பக்கம் இறங்குது."

"நன்றி. அடுத்த 'இது'?"

ஐந்து முறை கேட்டேன். ஐந்து முறையும் சொன்னார். மணி அடித்ததும் கனிஷ்கா என்ற பெண் தனப்பிரியாவின் தோளில் தட்டி, "இன்னைக்குத்தான்டி எனக்கே புரிஞ்சுது" என்றாள். கண் தெரிந்த பெண்.

வெளியே நவீன்குமார் என்னிடம் வந்தார். "நீங்க கேக்கறதுல பாதி பீரியட் போயிடுது மேடம். போர்டுல இருக்கறதை அப்படியே சேவ் பண்ணி க்ரூப்ல போட்டுருவேன். தனப்பிரியா பாத்துக்கும்."

"எதை வைத்துப் பார்த்துக்கொள்ளும்?" என்றேன்.

இந்தத் தலைமுறைக்குச் சொற்களின் மேல் கவனமே இல்லை. எங்கள் கான்வென்ட் சிஸ்டர் பெர்னதெத்தாக இருந்தால் பெஞ்சின் மேல் ஏற்றியிருப்பார்.

பிப்ரவரி 21, வெள்ளி

கம்பம் இன்று என்னை ஏற்றுக்கொண்டது. சிரிக்காமலே. நல்ல நாள்.

மார்ச் 11, செவ்வாய்

ஏப்ரல் தேர்வுக்கு இரண்டு வழி என்று நவீன்குமார் சொன்னார். கணினியில் தனப்பிரியாவே தட்டலாம். தட்டுவதை அது காதில் சொல்லிக்கொண்டே வரும். இல்லையென்றால் ஸ்கிரைப் வைத்துக்கொள்ளலாம். அவள் சொல்லச் சொல்ல ஒருவர் எழுதுவது. ஸ்கிரைப்பாக வருபவரின் படிப்பு மாணவியைவிடக் குறைவாக இருக்க வேண்டும் என்பது விதி.

நான் 1971-இல் பி.யூ.சி. முதல் வகுப்பு. பி.ஏ. சேர்ந்த மூன்றாம் மாதம் கல்யாணம். ஐம்பத்து நான்கு வருடமாக யாரிடமும் வாய் திறந்து சொல்லாத குறை, இன்று ஒரு விண்ணப்பத்தில் 'தகுதி' என்ற கட்டத்துக்குக் கீழே போய் உட்கார்ந்தது.

தனப்பிரியாவுக்குக் கணினி மேல்தான் ஆசை. "ஸ்பீடு வந்துருச்சுங்க மேடம். ஒருக்காத்தான் நடுவால நின்னு போச்சு" என்றாள்.

"பரீட்சை நடுவில் அது நின்றால்? என் கை இதுவரை நின்றதில்லை" என்றேன்.

மேசையில் தட்டிக்கொண்டிருந்த விரலை நிறுத்தினாள். "செரிங்க. நீங்களே எழுதுங்க."

அவளுக்கு எல்லாப் பாடமும் தேறியாக வேண்டும். ஆகஸ்டில் பி.எட். சேர்க்கை. ஒரு பாடம் போனாலும் நவம்பரில்தான் திரும்ப எழுத முடியும். "ஒரு வருசம் ஊட்டுல உக்காந்தேன்னா அப்பறம் என்னைய வெளிய உட மாட்டாங்க. 'படிச்சு என்னத்தக் கிழிச்சே'ன்னு எங்கப்பா ஏற்கனவே வாயில வெச்சிருக்காரு."

மார்ச் 25, செவ்வாய்

எழுதிப் பழகினோம். அவள் சொல்லும் ஆங்கிலத்தைக் கேட்டுக்கொண்டு சும்மா இருப்பது தவக்காலத்துப் பட்டினி ஒறுத்தலைவிடக் கடினம். ஓர் இடத்தில் என்னையறியாமல் ஒரு நல்ல சொல்லை மாற்றிப் போட்டேன். திரும்ப வாசித்துக் காட்டச் சொன்னாள். கண்டுபிடித்துவிட்டாள்.

"நான் சொன்னத எழுதுங்க மேடம். நல்லா இருக்கறத எழுதாதீங்க."

சரிதான். நானே அவளிடம் எத்தனை முறை சொல்லியிருக்கிறேன், வாசிப்பவர் தாளில் இருப்பதை வாசிக்க வேண்டும், ஒரு சொல் கூடவும் கூடாது, குறையவும் கூடாது என்று.

ஏப்ரல் 20, ஞாயிறு, உயிர்ப்புப் பெருவிழா

ஈஸ்டர் பூசை முடிந்து வந்து பேனாக்களைக் கழுவினேன். இரண்டு. பச்சை நிறத்தது என்னுடையது. கறுப்பு பிரான்சிஸுடையது, மாற்றுக்கு. அவருடைய மைப்புட்டியில் அடியில் மட்டும் கொஞ்சம் கெட்டியாகக் கிடந்தது. சிஸ்டர் பெர்னதெத் கற்றுத் தந்தபடி கொதித்து ஆறிய தண்ணீரை நாலு சொட்டு விட்டுக் குலுக்கினேன். வீணாக்குவது பாவம் என்பார். பச்சைப் பேனாவில் புது மை, கறுப்பில் அந்தப் பழைய நீல மை.

ஏப்ரல் 22, செவ்வாய்

பன்னாட்டுப் பொருளியல். எங்களுக்குத் தனி அறை. மேற்பார்வைக்கு வந்தவர், வேறு யார், நவீன்குமார். நான் பேனா மூடியைத் திறந்ததும் ஒரு கறுப்பு பால்பாயிண்ட்டை நீட்டினார்.

"இதுல எழுதுங்க மேடம். முதல் பக்கத்துலயே போட்டிருக்கு பாருங்க. இப்பல்லாம் விடைத்தாளை ஸ்கேன் பண்ணி கம்ப்யூட்டர்லதான் திருத்தறாங்க. ஸ்கேன்ல விழணும்."

"இந்தக் கையெழுத்தைப் படிக்க முடியாதவர் திருத்தவே வரக் கூடாது" என்றேன். பேனாவைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். மரியாதையாகத்தான்.

தனப்பிரியா அருவி மாதிரிச் சொன்னாள். நான்கு மணி நேரம். ஒரு சொல்கூட நான் திருத்தவில்லை. இதற்கு ஒரு பதக்கம் தரலாம். பதினெட்டாம் பக்கத்துக் கடைசி வரியோடு பச்சைப் பேனா தீர்ந்தது, கறுப்பை எடுத்தேன். முப்பதாம் பக்கத்தில் முடித்தோம். கடைசி மூன்று பெரிய கேள்விகளும் அவளுக்குத் தண்ணீர்பட்ட பாடு.

வெளியே வந்ததும், "எப்படீங்க இருக்குது பாக்கறதுக்கு?" என்று கேட்டாள்.

"கண்காட்சிக்கு வைக்கலாம்" என்றேன்.

மே 16, வெள்ளி

கல்லூரி விடுமுறை. யாருக்கும் எதுவும் வாசிக்கவில்லை. மருமகள் மெர்லின் கோயம்புத்தூரிலிருந்து அனுப்பிய வீடியோவில் ஒரு நாய் பியானோ வாசிக்கிறது.

ஜூன் 13, வெள்ளி

காலையில் தனப்பிரியாவின் போன். குரலே சரியில்லை.

"மேடம், ரிசல்ட் வந்துருச்சுங்க. எல்லாம் பாஸு. பன்னாட்டுப் பொருளியல் மட்டும் போயிருச்சு."

எழுபத்தைந்துக்கு இருபத்தொன்று. முப்பது வேண்டும்.

"இருக்காது" என்றேன்.

"போனுல நாலு தடவ கேட்டுட்டேனுங்க. நாலு தடவையும் இருவத்தொண்ணுதான் சொல்லுது. விடைத்தாள் நகலு கேட்டு எழுதிப் போட்டிருக்கறேன். வந்தா நீங்கதான் வாசிச்சுக் காட்டோணும்."

போனை வைத்ததும் எனக்கு முதலில் தோன்றியது, அவள் சொன்ன பதில்கள் நான் நினைத்த அளவு சரியில்லை போலிருக்கிறது என்பதுதான். அதையும் எழுதி வைக்கிறேன்.

ஜூன் 17, செவ்வாய்

நகல் வந்துவிட்டது. நவீன்குமார் தாளில் அச்செடுத்து, கட்டாகக் கொடுத்துவிட்டுப் போனார். வாசிப்பறையில் அவளும் நானும் மட்டும்.

பதினெட்டுப் பக்கம் வாசித்தேன். என் எழுத்து, அவள் சொற்கள். பத்தொன்பதாம் பக்கத்தைத் திருப்பினேன்.

ஒன்றுமில்லை.

நான் போட்ட ஓரக்கோடு இல்லை. கேள்வி எண் இல்லை. அங்கங்கே கொசு உட்கார்ந்தது போல் சில புள்ளிகள். அடுத்த பக்கத்தின் மூலையைத் தூக்கிப் பார்த்தேன். அதுவும் வெள்ளை. அதற்கடுத்ததும். பன்னிரண்டு பக்கம்.

அந்த மை. நாலு சொட்டுத் தண்ணீர்.

"என்னங்க மேடம், நிறுத்திட்டீங்க?"

தொண்டை என்றேன். தண்ணீர் குடித்தேன். பிறகு... வாசித்தேன். ஆமாம், வாசித்தேன். வெள்ளைத் தாளைப் பார்த்துக்கொண்டு, அன்று அவள் சொன்னதை எனக்கு நினைவிருந்தபடி, ஒவ்வொரு வரியாக, நிறுத்தி, ஏற்ற இறக்கத்தோடு. கான்வென்டில் மனப்பாடப் போட்டியில் மூன்று வருடம் நான்தான் முதல் பரிசு. நினைவு கைவிடவில்லை. கைவிட்டிருக்கலாம்.

அவள் முகம் மலர்ந்துகொண்டே போயிற்று. "நல்லாத்தானுங்க சொல்லியிருக்கறேன்! இதுக்கு எப்படீங்க இருவத்தொண்ணு போட்டான் அந்த ஆளு? கண்ணு தெரியாதவன் எவனோ திருத்தியிருக்கான்!" என்று சொல்லி அவளே சிரித்தாள்.

நானும் சிரித்தேன். ஏன் சிரிச்சேன்? வாயைத் தொறந்து ஒரு வார்த்தை சொல்ல என்ன கேடு எனக்கு? வயசானா புத்தி வரும்ங்கறாங்களே, எப்ப வருமாம்?

ஜூன் 18, புதன்

அந்தக் கறுப்புப் பேனாவால் ஒரு தாள் நிறைய எழுதினேன். கண்ணுக்கு நன்றாகத்தான் தெரிகிறது. வெளிர் நீலம், மழை நின்ற பிறகு வானம் போல. எடுத்துக்கொண்டு சூரமங்கலம் பஸ் நிறுத்தத்துக்கு எதிரே உள்ள ஜெராக்ஸ் கடைக்குப் போனேன். கடைக்காரர் ஈஸ்வர் மெஷினில் வைத்து எடுத்துப் பார்த்தார். இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தார்.

"என்னங்கம்மா, வெள்ளைப் பேப்பரக் குடுத்து ஜெராக்ஸ் போடச் சொல்றீங்க?"

ஜூன் 20, வெள்ளி

தூக்கம் சரியில்லை. ஸ்கேன் மெஷின் மோசம் என்று சொல்லலாமே? மோசம்தானே? ஒரு நல்ல கண்ணுக்குத் தெரிவது அதற்குத் தெரியவில்லை என்றால் யார் குருடு?

இது வாதம். நல்ல வாதம். தனப்பிரியாவின் பி.எட்.டுக்கு உதவாத வாதம்.

ஜூன் 21, சனி

கோயிலில் பாவசங்கீர்த்தனம் செய்தேன். நடந்ததை மை, தண்ணீர், வெள்ளைப் பக்கம் என்று வரிசையாகச் சொன்னேன். சாமியார் இளையவர். பொறுமையாகக் கேட்டார். கடைசியில், "அம்மா, ஆண்டவர் மன்னிச்சிருவாரு, அதுல பிரச்சினை இல்லை. ஆனா மார்க் போடறது அவரு இல்லையே. காலேஜ்ல போய்ச் சொல்லுங்க" என்றார். ஒறுத்தலாக ஒரு ஜெபமாலை சொல்லச் சொன்னார். அது எளிது.

ஜூன் 24, செவ்வாய்

சொல்லப் போனேன். எனக்கு முன்னால் அவள் சொன்னாள்.

"உக்காருங்க மேடம். பத்தொம்பதாம் பக்கத்துல இருந்து ஒண்ணுமே இல்லீங்களாமா?"

நவீன்குமார் போன வாரம் அவள் போனில் புதிதாக ஏதோ போட்டுத் தந்திருக்கிறார். படமாக இருந்தாலும் அதில் உள்ள எழுத்தைப் படிக்குமாம். விடைத்தாளின் நகலைக் கொடுத்திருக்கிறாள். "உங்க எழுத்த அச்சாட்டம் படிச்சுதுங்க, பதினெட்டாம் பக்கம் வரைக்கும். அப்பறம் 'வெற்றுப் பக்கம், வெற்றுப் பக்கம்'னே சொல்லுச்சு. பன்னண்டு தடவ."

"எப்போது கேட்டாய்?"

"அன்னைக்குச் சாயங்காலமே. நீங்க வாசிக்கறப்பவே எனக்கு ஒரு மாதிரி இருந்துச்சுங்க. பதினெட்டுப் பக்கம் வரைக்கும் பேப்பரு திருப்பற சத்தம் கேட்டுச்சு. அப்பறம் கேக்கவே இல்ல. ஒரே பக்கத்துல மூணு பெரிய கேள்விக்குப் பதிலு எப்படீங்க எழுதுவாங்க?"

இத்தனை நினைவு வைத்திருந்த எனக்குத் தாளைத் திருப்ப நினைவில்லை.

சொன்னேன். பேனா, மை, தண்ணீர், நவீன்குமார் நீட்டிய பால்பாயிண்ட், எல்லாம். முடித்ததும் கேட்டாள்.

"மை போனது போவுட்டுங்க. அது யாருக்கும் வரும். எதுக்கு வாசிச்சீங்க?"

எதுக்கு வாசிச்சேன்?

"பஸ்ஸுல ஏத்தி உடறேன்னு மாத்தி ஏத்தி உட்டவங்க இருக்காங்க. ரூவா நோட்டுக்குப் பதிலாக் காயிதத்தக் குடுத்தவங்க இருக்காங்க. நீங்க ஒருத்தரு இல்லாததச் சொல்ல மாட்டீங்கன்னு இருந்தேன். இந்தப் போனு தப்பாச் சொல்லுமுங்க மேடம். ஆனாப் பொய் சொல்லாது."

கோலை எடுத்துக்கொண்டு எழுந்து போய்விட்டாள். கதவை மெதுவாகத்தான் சாத்தினாள். அறைந்து சாத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

ஜூன் 27, வெள்ளி

நவீன்குமாரைப் பார்த்தேன். மூலத்தாளை எடுத்துப் பார்க்க வேண்டுமென்றால் எழுதியவர் கையொப்பமிட்ட விளக்கம் வேண்டுமாம். அவர் கேலி செய்வார் என்று தயாராகப் போயிருந்தேன். அவர் கதவைச் சாத்திவிட்டு வந்து, குரலைத் தாழ்த்தினார்.

"மேடம், 'பால்பாயிண்ட்ல எழுதச் சொல்லியும் எழுதலை'ன்னு போட்டீங்கன்னா அது விதிமீறல். ஸ்கிரைப் லிஸ்ட்ல இருந்து உங்க பேரை எடுத்துருவாங்க. வாசிக்கறதுக்கும் விட மாட்டாங்க. 'ஸ்கேன் தெளிவா இல்லை'ன்னு மட்டும் எழுதுங்க."

"அப்படி எழுதினால் மூலத்தாளை எடுப்பார்களா?"

"மறுபடி அதே ஸ்கேனைத்தான் பாப்பாங்க. அதிர்ஷ்டம் இருந்தா..."

"அதிர்ஷ்டத்தை நம்பிப் பழக்கமில்லை. எழுதித் தருகிறேன்."

அவர் சட்டைப் பையிலிருந்து கறுப்பு பால்பாயிண்ட்டை எடுத்து நீட்டினார். அதே பேனாவா என்று கேட்கவில்லை. கேட்டால் அவர் சிரித்திருப்பார், எனக்குத் தாங்கியிருக்காது. ஒன்றரைப் பக்கம் எழுதினேன். தனப்பிரியாவும் வந்து தன் மனுவில் கையெழுத்துப் போட்டாள். "சார், எந்த எடம்?" என்று அவரைத்தான் கேட்டாள். வழக்கமாக அவள் விரலைப் பிடித்து இடம் காட்டுவது நான்.

வரும் வழியில் ஈஸ்வர் கடையில் ஒரு பால்பாயிண்ட் வாங்கினேன். இந்த நாட்குறிப்பையும் அதில்தான் எழுதுகிறேன். கோழி கிளறியது போல் இருக்கிறது.

ஜூலை 8, செவ்வாய்

தேர்வு அலுவலகம். கண்ட்ரோலர் ஒரு பெண்மணி. கட்டைப் பிரித்து மூலத்தாளை எடுத்து, இது உங்கள் எழுத்துதானா என்று கேட்டார். ட்யூப்லைட் வெளிச்சத்தில் பன்னிரண்டு பக்கமும் அங்கேயே இருந்தன, ஓரக்கோட்டோடு.

"எவ்வளவு அழகா எழுதியிருக்கீங்க! பிரிண்ட் மாதிரி இருக்கு."

"பிரிண்ட் மாதிரி இருந்திருந்தால் நான் இங்கே வந்திருக்க மாட்டேன்" என்றேன்.

தாளைப் பார்த்து மதிப்பெண் போட அவர்கள் கணினியில் இடமே இல்லையாம். ஸ்கேன்தான் வேண்டும். ஆகவே கருமையைக் கூட்டி வைத்து மறுபடி ஸ்கேன் செய்தார்கள். திரையில் என் எழுத்து குற்றவாளியைப் போல மெல்ல மேலே வந்தது. இரண்டு நிமிட வேலை.

ஜூலை 15, செவ்வாய்

மெர்லின் பதறிப்போய்ப் போன் செய்தாள். "அத்தை, காலேஜ்ல இருந்து உங்களுக்கு மெயில் வந்திருக்கு. 'விதிமீறல் காரணமாக நீக்கம்'னு போட்டிருக்கு. என்ன அத்தை பண்ணீங்க?"

விண்ணப்பத்தில் அவள் மின்னஞ்சலைத்தான் கொடுத்திருந்தேன். எனக்கென்று ஒன்று வைத்துக்கொள்வது வீண் ஆடம்பரம் என்று போன வருடம் நானே சொன்னது.

"நாலு சொட்டுத் தண்ணீர் விட்டேன்" என்றேன். அவள் இன்னும் பயந்துவிட்டாள். மகனை வேறு பேசச் சொன்னாள்.

ஜூலை 22, செவ்வாய்

எழுபத்தைந்துக்கு நாற்பத்தொன்று. நவீன்குமார் குறுஞ்செய்தி அனுப்பினார். அவள் போன் செய்யவில்லை.

ஜூலை 25, வெள்ளி

கதவைத் தட்டியது தனப்பிரியாவின் அம்மா பழனியம்மாள். மோகனூரிலிருந்து இரண்டு பஸ் மாறி, ஒரு பை நாட்டுச்சர்க்கரையோடு வந்திருக்கிறார்.

"புள்ள பாஸாயிருச்சுங்க சாமி. பி.எட்.டுக்கும் போட்டாச்சு. நீங்கதான் எழுதிக் குடுத்தீங்கன்னு சொல்லுச்சு."

வாங்கிக்கொள்ள முடியவில்லை. "பழனியம்மாள், அவள் முதலில் ஃபெயிலானதும் என்னால்தான்" என்றேன்.

"அதுஞ் சொல்லுச்சுங்க" என்றார், பையைக் கீழே வைத்தபடி. "சக்கரையக் காத்தாட வெக்காதீங்க, கசிஞ்சு போவும்."

ஆகஸ்ட் 5, செவ்வாய்

அடையாள அட்டையைத் திருப்பிக் கொடுக்கப் போனேன். வாசலில் கம்பத்தின் முன்னால் பழக்கத்தில் நின்றுவிட்டேன். பச்சை விளக்கு. கதவு திறந்தது. 'நல்வரவு' என்று எழுத்து வேறு.

கல்லூரியே என்னை நீக்கிவிட்டது. கம்பத்துக்கு மட்டும் யாரும் சொல்லவில்லை போலிருக்கிறது.

"இனிமே உங்கள உடறதுக்கு அதுக்கு ஆர்டர் இல்லீங்களாமா மேடம்" என்று சின்னண்ணன் சங்கடப்பட்டார். "ஆனா அது கேக்க மாட்டேங்குது."

அட்டையை அவரிடமே கொடுத்துவிட்டு வெளியிலிருந்தே திரும்பினேன். விதி என்றால் விதி.

ஆகஸ்ட் 19, செவ்வாய்

கையில் வேலை எதுவும் இல்லை. செவ்வாய்க்கிழமை இவ்வளவு நீளம் என்று தெரியாது.

ஆகஸ்ட் 29, வெள்ளி

மத்தியானம் போனில் வரிசையாகப் படங்கள் வந்து விழுந்தன. பதினேழு. யாரோ பேராசிரியரின் கைக்குறிப்புகள். வேகமாகக் கிறுக்கியவை, நடுநடுவே அம்புக்குறிகள், வட்டங்கள். கூடவே ஒரு குரல் பதிவு.

"மேடம், நான்தான் தனப்பிரியா. பி.எட். கிளாசு ஆரம்பிச்சுருச்சுங்க. இங்கத்த மேடம் எழுதற எழுத்து என்ற போனுக்குப் பிடிபட மாட்டேங்குது. 'தெளிவில்லை, தெளிவில்லை'ங்குது. இங்கயே சேந்திருக்கற கனிஷ்காகிட்டக் குடுத்தா, எனக்கே புரியலைங்கறா. நீங்க வாசிச்சு ரெக்கார்டு பண்ணி அனுப்புவீங்களா? அவசரமில்லீங்க. நீங்க மெதுவா வாசிச்சாலும் பரவால்ல, நான் ஒண்ணரை ஸ்பீடுல கேட்டுக்குவேன்."

பஸ் போகிற சத்தம். பிறகு:

"ஆனா ஒண்ணுங்க. பேப்பரு திருப்பற சத்தம் கேக்கோணும்."

போன் திரையில் பக்கத்தைத் தள்ளினால் சத்தம் வருவதில்லை. நான்கு மணிக்கு ஈஸ்வர் கடைக்குப் போய் பதினேழையும் தாளில் எடுத்து வந்தேன். ஒன்பதாவது பக்கத்தில் ஒரு வரி எனக்கும் புரியவில்லை. 'இந்த வரி எனக்குப் புரியவில்லை' என்று சொல்லிவிட்டு அடுத்த பக்கத்தைத் திருப்பினேன், சத்தமாக.